ஆடிய அக்கா தங்கைகளும் பழைய சினிமாவும்: மலாயாக் கதை எழுத வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரில் மாதந்தோறும் கூடும் எங்கள் எழுத்துப் பட்டறைக்கு ஒரே கதை வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது. பினாங்கிலோ செந்தூலிலோ ஓர் அக்கா, ஒரு தங்கச்சி; இருவருக்கும் ஆட்டமும் பாட்டும் வரும்; மெட்ராஸில் சினிமா நட்சத்திரம் ஆகக் கப்பல் ஏறுகிறார்கள். கதை பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை எழுதுகிறவர்கள் கேட்கும் சந்தேகங்களும் ஒன்றுபோலவே இருப்பதால், ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"டீச்சர், வரலாற்றுப் புனைவுன்னா ராஜா ராணி கதைதானே? 1940-ஐ எல்லாம் வரலாறுன்னு சொல்லலாமா?"

தாராளமாகச் சொல்லலாம். சோழ ராஜா குதிரையில் வந்தால்தான் வரலாறு என்பது வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் நமக்குப் பழக்கிவிட்ட நினைப்பு. தான் வாழாத காலத்தை ஆவணங்களையும் பிறர் நினைவுகளையும் வைத்து ஒருவர் எழுப்பினால் அது வரலாற்றுப் புனைவுதான். சொல்லப்போனால் தஞ்சாவூர் அரண்மனையைவிட 1940-களின் பினாங்கு கடினம். அரண்மனையைப் பார்த்தவர் யாரும் வந்து சண்டை போடமாட்டார்கள். பினாங்கைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆட்களை உங்கள் இஷ்டத்துக்குப் படைக்கலாம். நாள்காட்டியில் கை வைக்கக்கூடாது.

"கூடப் பிறந்தவங்க ஜோடியா மேடையேறினது நிஜமாவே நடந்திருக்கா, இல்ல சினிமாவுல பார்த்ததா?"

நிறையவே நடந்திருக்கிறது. மெட்ராஸ் மியூசிக் அகாடமி 1931-இல் மேடையேற்றிய சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) நிகழ்ச்சியில் ஆடியவர்கள் 'கல்யாணி பெண்கள்' எனப்பட்ட ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும். 1933-இலும் அவர்கள் ஆடினார்கள். அந்த மேடையைப் பார்த்துத்தான் 'கௌரவமான' குடும்பங்களும் நடனத்தின் பக்கம் திரும்பின. அப்புறம் எல்லோருக்கும் தெரிந்த திருவாங்கூர் சகோதரிகள்: லலிதா, பத்மினி, ராகினி. உதயசங்கர் எடுத்து 1948-இல் வெளிவந்த 'கல்பனா'வில் மூத்தவர்கள் இருவரும் ஆடினார்கள். குமாரி கமலாவுக்கும் ராதா, வசந்தி என்று ஆடத் தெரிந்த தங்கைகள் உண்டு. பாட்டில் சூலமங்கலம் ஜெயலட்சுமி, ராஜலட்சுமி. இவர்களுடைய கந்த சஷ்டி கவசம் ஒலிக்காத தைப்பூசத்தை நான் தண்ணீர்மலையிலும் பார்த்ததில்லை, பத்துமலையிலும் பார்த்ததில்லை.

"சரி, கதைக்கு ஏன் ரெண்டு பேர்? ஒருத்தியே போதாதா?"

பட்டறையில் இதைத்தான் அதிக நேரம் பேசுகிறோம். ஏனென்றால் பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளில் தங்கச்சி சும்மா நிற்கிறாள். அக்கா அழும்போது தோள் கொடுக்கிறாள், அதோடு சரி. அந்தத் தங்கச்சியை எடுத்துவிட்டாலும் கதை நகரும் என்றால் எடுத்துவிடுங்கள்.

நிஜத்தில் ஜோடிக்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை, பிழைப்பும்தான். வெளியூர் போகும் பெண்ணுக்கு இன்னொரு பெண் துணை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி மேடையை ஒப்பேற்றுவாள். நட்டுவனார், மிருதங்கம், ஒப்பனை, வண்டிச்சத்தம் எல்லாம் ஒரே செலவு, ஆடுவது இரண்டு பேர். சம்பளம் பேசுவதும் வாங்குவதும் பெரும்பாலும் அம்மா. ஆகவே ஒருத்திக்குக் கல்யாணம் என்றால் அது குடும்பத்தின் தொழில் பாதியாகும் நாள். இந்தக் கணக்கை எழுதாமல் கல்யாணக் காட்சியில் கண்ணீரை மட்டும் எழுதினால் வாசகருக்கு ஏதோ குறைகிறது என்று தெரிந்துவிடும்.

புகழும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டு வராது. திருவாங்கூர் மூவரில் மூத்தவர் லலிதா. ஆனால் பெரிய நட்சத்திரம் ஆனது நடுவில் பிறந்த பத்மினி. அவர் 1961-இல் திருமணமாகி, பிறகு அமெரிக்காவில் குடியேறி, 1977-இல் நியூஜெர்சியில் நடனப் பள்ளி தொடங்கினார். ராகினி 1976-இலும் லலிதா 1982-இலும் மறைந்தார்கள்; பத்மினி 2006 வரை இருந்தார். மூவரும் ஒரே வீட்டுப் பெண்கள், வாழ்க்கை மட்டும் மூன்று தினுசு. இதை அப்படியே எடுத்து எழுதச் சொல்லவில்லை. இப்படியெல்லாம் பிரியும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்தக் காலத்து ஸ்டாருக்கு அவ்வளவு மவுசா? இப்ப மாதிரி ரசிகர் மன்றம் எல்லாம் கிடையாதே?"

மவுசுக்கு மன்றம் தேவைப்படவில்லை. 1935-இல் 'நந்தனார்' படத்துக்கு கே. பி. சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். எம். கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி மெட்ராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதே ஆண்டு டிசம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார், என். எஸ். கிருஷ்ணனும் கைதானார். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். பாகவதர் திரும்பி வந்தபோது பழைய கூட்டம் இல்லை. ஏற்றமும் இறக்கமும் அந்தத் தொழிலில் அவ்வளவு வேகம்.

"என் கதையில ரெண்டு பேரையும் 1943-ல பினாங்குல இருந்து மெட்ராசுக்குக் கப்பல் ஏத்திட்டேன். பரவாயில்லையா?"

முடியாது. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றியது.

பினாங்கில் ஜப்பானியர் குண்டு போட்டது 1941 டிசம்பர் 11. அந்த மாதம் முடிவதற்குள் தீவு அவர்கள் கையில். கோலாலம்பூர் 1942 ஜனவரி 11, சிங்கப்பூர் பிப்ரவரி 15. அதிலிருந்து 1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடையும் வரை இந்தியாவுக்குப் பயணிகள் கப்பல் கிடையாது. நம் பெரியவர்கள் எல்லோரும் பெயர் சொல்லும் 'ரஜுலா' 1926-இல் கட்டப்பட்டு மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். போரில் அது துருப்புகளை ஏற்றப் போய்விட்டது. உங்கள் சகோதரிகளை 1940-இல் ஏற்றுங்கள், அல்லது போர் முடிந்தபின் ஏற்றுங்கள். அங்கிருந்து இங்கே வருவதாக எழுதினால் இன்னொன்றும் உண்டு: மலிவான டெக் சீட்டில் வந்தவர்களை பினாங்கை ஒட்டிய பூலாவ் ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்து நோய் சோதனை செய்வார்கள். பட்டுப்புடவையும் சலங்கையும் டிரங்குப் பெட்டியில் இருக்க, நட்சத்திரக் கனவோடு வந்தவள் தீவில் வரிசையில் நிற்கும் காட்சி உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

"அப்ப ஜப்பான்காரன் காலத்துல அவங்க என்ன பண்ணுவாங்க? ஜான்சி ராணிப் படையில சேர்த்துடலாமா?"

சேர்க்கலாம், 1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்தபின் தொடங்கிய பெண்கள் படை அது. தோட்டத்துப் பெண்கள் உட்பட மலாயாத் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்ததும் உண்மை. ஆனால் எங்களுக்கு வரும் கதைகளில் எல்லாச் சகோதரிகளும் துப்பாக்கி தூக்குகிறார்கள். ஒருத்தியாவது மரவள்ளிக்கிழங்கு நட்டு உயிர் பிழைக்கட்டுமே. ஜப்பானியர் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போன அப்பாவையோ அண்ணனையோ எதிர்பார்த்து ஒருத்தி வாசலில் உட்காரட்டுமே. அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளின் நிலை அதுதான்.

சின்ன விஷயங்கள் காலத்தைக் காட்டும். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். ஆகவே 'காலை ஆறு மணிக்குப் பளபளவென்று விடிந்தது' என்று எழுதாதீர்கள். அந்த மணிக்கு இருட்டு. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு போர் முடிந்ததும் வெறும் காகிதம் ஆனது. ஆடிச் சேர்த்த காசை எல்லாம் அந்த நோட்டாக வைத்திருந்த அம்மா ஒருத்தியை நீங்கள் எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

"எல்லாரும் மெட்ராசுக்கே ஓடணுமா? இங்கயே சினிமா எடுக்கலையா?"

எடுத்தார்கள், அதுவும் நம்மாட்கள் கையால். முதல் மலாய்ப் பேசும் படத்தை 1930-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ். நடித்தவர்கள் பங்சாவான் என்ற மலாய் நாடக மேடைக்காரர்கள். அந்த பங்சாவானே பினாங்கில் 1880-களில், பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து மாமாக் பூஷி என்பவர் தொடங்கியது. போருக்குப் பிறகு 1947-இல் ஷா சகோதரர்கள் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் மலாய்ப் பட நிறுவனம் அமைத்து, இயக்குநர்களை இந்தியாவிலிருந்து தருவித்தார்கள். பினாங்கில் பிறந்த பி. ராம்லியை ராஜ்ஹன்ஸ் கண்டெடுத்தது 1948-இல், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மேடையில். ராம்லி முதன்முதலில் நாயகனாக நடித்த 'பக்தி' 1950-இல் வந்தது. இயக்கியவர் எல். கிருஷ்ணன், மெட்ராஸில் பிறந்து சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்த தமிழர்.

இதை யோசித்துப் பாருங்கள். பினாங்கில் இருக்கும் பெண்ணுக்குக் கோடம்பாக்கம் கடல் தாண்டி. ஜாலான் அம்பாஸ் ரயில் தூரம். மலாய் பேசத் தெரியும், ஆடத் தெரியும். ஒருத்தி மெட்ராசுக்கும் ஒருத்தி சிங்கப்பூருக்கும் போகிற கதையை எங்கள் பட்டறைக்கு இன்னும் யாரும் கொண்டு வரவில்லை.

"மேடை எங்க? டவுன் ஹால்லயா ஆடியிருப்பாங்க?"

பெரும்பாலும் கோயில் திருவிழாப் பந்தல், தோட்டத்து மைதானம், கேளிக்கைப் பூங்கா. பினாங்கில் சுவாத்தோ லேனில் நியூ வேர்ல்ட் பார்க், கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பார்க். பின்னதை இடித்த இடத்தில்தான் சுங்கை வாங் பிளாசா. அங்கே ஒரு மேடையில் ஜோகெட் என்ற மலாய் நடனம், இன்னொன்றில் பங்சாவான், பக்கத்தில் குத்துச்சண்டை. அமைதியாக உட்கார்ந்து ரசிக்கும் சபையை அங்கே கொண்டுவந்து வைக்காதீர்கள்.

1948 ஜூனுக்குப் பிறகு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அரசு அறிவித்த அவசரகாலம். பல இடங்களில் இரவு ஊரடங்கு, எல்லோர் கையிலும் அடையாள அட்டை, சாலையில் சோதனை. தோட்டத்தில் விடிய விடிய நாடகம் என்று 1950-ஐ எழுதினால், அந்த அனுமதி எப்படிக் கிடைத்தது என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். தோட்டத் துரையிடம் போய் நிற்கும் கிராணியே (தோட்ட அலுவலக எழுத்தர்) ஒரு நல்ல பாத்திரம்.

"1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' பார்க்க கொலிசியத்துக்குப் போறாங்கன்னு வெச்சிருக்கேன்..."

மேலே கப்பல் கேள்விக்குச் சொன்னதைப் பாருங்கள். ஆள் வராத கடலில் படப்பெட்டி மட்டும் எப்படி வரும்? போர்க்காலத்தில் மெட்ராஸில் வெளியான படங்கள் நமக்கு வந்து சேர்ந்தது போர் முடிந்த பிறகுதான். தியேட்டர் சரி: பத்து ரோடு கொலிசியம் 1920-களிலிருந்து நிற்கிறது, அதே சாலையில் ஓடியன் 1936-இல் வந்தது. தேதியை மட்டும் தள்ளிப் போடுங்கள். பாகவதர் சிறையில் இருக்கும்போது இங்கே ஜனம் திரையில் அவர் பாட்டுக்குக் கைதட்டுகிறது என்று அமையும். உங்கள் காட்சி முன்பைவிட நன்றாகவே இருக்கும்.

"தெருப்பேர், ஊர்ப்பேர், காசு எல்லாம் பழசா போடணுமா?"

பாத்திரம் பேசும்போது பழையது. பத்து ரோடு, பிட் ஸ்ட்ரீட், போர்ட் சுவெட்டன்ஹாம்; காசுக்கு வெள்ளி. கதை 1950-இல் நடந்தால் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும் கிள்ளான் துறைமுகமும் வரக்கூடாது. அடிக்குறிப்பு போட்டு இன்றைய பெயரை விளக்குவது எனக்குப் பிடிக்காது. கடைவரிசை முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில் நடந்து மாரியம்மன் கோயிலுக்குப் போனாள் என்றால் எந்த ஊர் என்று படிப்பவருக்கே தெரிந்துவிடும்.

"அக்கா ஆடுவா, தங்கச்சி பாடுவா. சினிமாவுல ரெண்டு பேருக்கும் சான்ஸ் கிடைக்குமா?"

எந்த ஆண்டு என்பதைப் பொறுத்தது. 1930-களில் நடிப்பவரே பாட வேண்டும். பாட்டு வராதவருக்கு நாயகி வேடம் கிடைப்பது கஷ்டம். 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமனின் குரல் பின்னணியாக வந்தது. 1945-இல் 'ஸ்ரீவள்ளி'யில் நாயகி ருக்மிணியின் பாடல்களுக்கு பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார் ஏவி. மெய்யப்பன். அதன் பிறகு சில ஆண்டுகளில் முகம் வேறு, குரல் வேறு என்பதே வழக்கமாகிவிட்டது.

அக்கா தங்கை கதைக்கு இதைவிடப் பெரிய முடிச்சு எனக்குத் தெரியவில்லை. பாடத் தெரியாத அக்காவுக்கு 1937-இல் கதவு சாத்தியிருக்கிறது, 1949-இல் திறந்திருக்கிறது. அக்காவின் முகம் போஸ்டரில், தங்கச்சியின் குரல் திரைக்குப் பின்னால். முப்பது வயதில் முகத்துக்கு வாய்ப்பு குறையும். குரல் அதற்குப் பிறகும் சம்பாதிக்கும். ஜோடிக் கணக்கைப் பற்றி முன்பு சொன்னேனே, அது இங்கே தலைகீழாகும். அம்மா இப்போது யார் பக்கம் உட்காருவாள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

"ஆடுற பொம்பளைன்னா அப்ப கேவலமா பேசுவாங்களே. தேவதாசி விஷயத்த எழுதலாமா, சர்ச்சை ஆயிடுமா?"

எழுதாமல் விட்டால்தான் பொய்யாகும். முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய போராட்டம் 1947-இல் மெட்ராஸ் மாகாணத்தில் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டமாக முடிந்தது. அதே இருபது ஆண்டுக்குள் மேலே சொன்ன கல்யாணி பெண்கள் மேடையேறினார்கள், 1935-இல் ருக்மிணி தேவி ஆடினார், பரம்பரையாக ஆடிய குடும்பங்கள் பல கோயிலும் சபையும் இல்லாமல் சினிமாவுக்கு வந்தன. கலைக்கு மரியாதை வந்த அதே நேரத்தில் அதைக் காத்தவர்களுக்கு மரியாதை வரவில்லை. அந்தக் கசப்பை அம்மா பாத்திரத்தின் வாயில் வைக்கலாம்.

இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, பாவம் பாவம் என்று அழுவது. மற்றது, வம்புக்காக எழுதுவது. இரண்டிலும் அந்தப் பெண்ணுக்கு வேலை தெரியும் என்பது மறைந்துவிடுகிறது. அவள் தாளத்தில் கெட்டிக்காரி, சம்பளத்தில் கறார், கால்வலிக்கு என்ன எண்ணெய் தேய்ப்பது என்று தெரிந்தவள். அங்கிருந்து தொடங்குங்கள்.

"நிஜ நடிகர்கள என் கதையில பேச வைக்கலாமா?"

தூரத்தில் வையுங்கள். ஸ்டுடியோ வாசலில் கார் நுழைகிறது, கண்ணாடிக்குள் ஒரு கை தெரிகிறது, அது போதும். பதிவில் உள்ள பொது நிகழ்ச்சியில் அவர் இருக்கலாம். உங்கள் கற்பனை நாயகியை அவர் காதலித்தார், ஏமாற்றினார் என்றெல்லாம் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். லட்சுமிகாந்தன் வழக்கை எடுப்பவர்கள் தீர்ப்பு விடுதலை என்பதை விட்டுவிட்டு எழுதுவதையும் பார்க்கிறேன். அது நியாயமில்லை. அப்படி ஒரு வில்லங்கமான நட்சத்திரம் வேண்டுமென்றால் புதிதாக ஒருவரைப் படைத்து, பெயரும் நீங்களே வையுங்கள்.

"எங்க பாட்டியே மேடையில ஆடினவங்க. அவங்க சொன்னத அப்படியே எழுதிடவா?"

முதலில் பதிவு செய்யுங்கள், கதை அப்புறம். பாட்டிகள் ஆண்டைக் குழப்புவார்கள், உணர்ச்சியைக் குழப்ப மாட்டார்கள். 'ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தின தீபாவளி' என்றால் அது 1941 என்று நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும். கோலாலம்பூரில் 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்', சிங்கப்பூரில் 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகியவற்றின் பழைய இதழ்களில் விளம்பரப் பக்கங்களைத் தேடுங்கள். நாடகமும் படமும் செய்தியைவிட விளம்பரத்தில்தான் அதிகம் அகப்படும். பழைய புகைப்படத்தின் பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரை இருக்கும்.

பாட்டி உயிரோடு இருந்தால், எதை எழுதக்கூடாது என்றும் கேளுங்கள். சில பாட்டிகள் ஆடியதையே பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைத்தவர்கள்.

"மெட்ராஸ் போன அக்காவுக்குப் படம் ஓடல. பினாங்குக்கே திரும்பி வந்துடறா. இது சரியா வருமா?"

இதுதான் எல்லாவற்றிலும் சிக்கலானது, ஏனென்றால் பதில் அக்கா எங்கே பிறந்தாள் என்பதில் இருக்கிறது. பினாங்கு, பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட நீரிணைக் குடியேற்றப் பகுதி. அங்கே பிறந்தவள் பிரிட்டிஷ் பிரஜை. கோலாலம்பூர் இருந்த சிலாங்கூரோ சுல்தானின் ஆட்சியில் இருந்த மாநிலம். அங்கே பிறந்ததால் மட்டும் அந்த உரிமை வராது. 1948 கூட்டரசு உடன்படிக்கையின் குடியுரிமை விதிகளிலும் இந்த வித்தியாசம் தொடர்ந்தது. 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவிலிருந்து வருவது முன்போல் சீட்டு வாங்கிக் கப்பல் ஏறுகிற காரியமாக இல்லை.

ஆகவே 1949-இல் போனவள் 1951-இல் திரும்புவது ஒரு கதை, 1955-இல் திரும்புவது வேறு கதை. அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போன வழக்கத்தால் மூத்தவள் கும்பகோணத்திலும் இளையவள் பினாங்கிலும் பிறந்திருந்தால், துறைமுக மேசையில் ஒரே அம்மாவின் இரண்டு பெண்களுக்கு இரண்டு பதில் கிடைக்கலாம். எங்களிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கும் முன் இரண்டு பேருக்கும் பிறந்த ஊரும் ஆண்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்.